விஸ்கிக்கு ஏற்றது கைதச்சக்கை

கேள்வி: வளைகுடாவில் வேலை பார்க்கும் நண்பன் விடுப்பில் வருகிறான். சனிக்கிழமை எங்கள் வீட்டு மாடியில் 12 பேர் கூடுகிறோம். விஸ்கியில் பழச்சாறு கலந்து, சில்லென்று சிறிய கிளாஸ்களில் ‘ஷாட்’ கொடுக்க ஆசை. சென்ற முறை கடையில் வாங்கிய மாம்பழ ஜூஸைக் கலந்தோம். பாயசத்தில் விஸ்கி ஊற்றியது போல இருந்தது. எப்படிச் செய்வது?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: அன்புள்ள தம்பி, மாம்பழ ஜூஸை விட்டுவிடுங்கள். அதில் சர்க்கரையும் கூழும் அதிகம். விஸ்கியின் மணம் அதற்குள் அமுங்கிப்போகும். விஸ்கி கேட்பது புளிப்பை. வெளிநாட்டு பார்களில் ‘வாஷிங்டன் ஆப்பிள்’ என்றொரு ஷாட் உண்டு: கனடா விஸ்கி, புளிப்பு ஆப்பிள் மது, கிரான்பெரி என்ற புளிப்பான சிவப்புச் சிறுபழத்தின் சாறு மூன்றும் சம அளவில். கிரான்பெரியைத் தேடி நீங்கள் திருவனந்தபுரம் போக வேண்டியதில்லை. ரப்பர் கன்றுகளுக்கு நடுவே நம் மாவட்டத்தில் விளைகிற கைதச்சக்கை அதைவிட நல்லது. (அன்னாசி என்று எழுதினால் எனக்கு அந்த மணம் வருவதே இல்லை.)

ஒரு கிளாஸுக்கு 20 மில்லி விஸ்கி, 20 மில்லி கைதச்சக்கைச் சாறு, 5 மில்லி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. ஆளுக்கு இரண்டு என்றால் 24 கிளாஸ். விஸ்கி 480 மில்லி போதும். சாற்றை அன்றே பிழிந்து துணியில் வடிகட்டுங்கள். முந்தைய நாள் பிழிந்தால் வாசனை போய்விடும். விலை உயர்ந்த சிங்கிள் மால்ட்டை இதற்கு வீணாக்க வேண்டாம், அது தனியாகக் குடிப்பதற்கு.

இனி குளிர்ச்சி. பலரும் தவறுகிற இடம் இதுதான். நம் ஊர் விஸ்கியில் ஆல்கஹால் பெரும்பாலும் 42.8 சதவீதம். வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் அது உறையாது, சற்றுக் கெட்டியாக வழியும். ஆகவே வெள்ளிக்கிழமை இரவே பாட்டிலை ஃப்ரீசரில் வையுங்கள், கிளாஸ்களையும் கூடவே வையுங்கள். சனிக்கிழமை பிழிந்த சாறு ஃப்ரீசரில் வேண்டாம், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இருக்கட்டும். எல்லாவற்றையும் முன்னதாகவே கலந்து ஃப்ரீசரில் வைத்தீர்களானால், ஆல்கஹால் 19 சதவீதமாக இறங்கி, கலவை ஐஸ்கூழாகிவிடும். ஆறாறு கிளாஸாகக் கொடுக்கும் நேரத்தில் கலந்து, மூடியுள்ள பாத்திரத்தில் நான்கைந்து ஐஸ்கட்டியோடு பத்து விநாடி குலுக்கி வடியுங்கள். கைதச்சக்கைச் சாறு குலுக்கினால் அழகாக நுரைக்கும்.

ஐஸ்கட்டியைக் காய்ச்சி ஆறவைத்த நீரில் வீட்டிலேயே செய்யுங்கள். குளச்சல் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்று மீனுக்கு வைக்கும் பாளம் ஐஸை வாங்கிவிடாதீர்கள். அது குடிப்பதற்காகச் செய்யப்படுவதில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குளிரும் இனிப்பும் சேர்ந்தால் விஸ்கியின் எரிச்சல் தெரியாது. நான் கப்பலில் பார் பணியில் இருந்தபோது, ஓர் இளைஞர் கால் மணி நேரத்தில் இத்தகைய ஷாட் ஐந்து குடித்தார். நிமிர்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தவர், அரை மணி கழித்து மாடிப்படியில் விழுந்தார். அவர் நெற்றியில் வழிந்த ரத்தத்தை நான்தான் துடைத்தேன். போதை தலைக்கேற நேரம் எடுக்கும். நாக்கு எச்சரிக்காதபோது கணக்குதான் எச்சரிக்க வேண்டும். இரண்டு ஷாட் என்பது 40 மில்லி விஸ்கி, ஒரு ஸ்மாலைவிட (30 மில்லி) அதிகம். இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுங்கள். அந்த இடைவெளியில் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் பரிமாறுங்கள். வெறும் வயிற்றில் யாருக்கும் கொடுக்காதீர்கள், 21 வயது நிரம்பாதவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. குடிக்காத நண்பருக்கும் அதே கிளாஸில் அதே சாற்றை நுரையோடு கொடுங்கள்.

வண்டி ஓட்டுவோருக்குச் சட்டத்தின் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். அதை நெருங்கிப் பார்க்க வேண்டாம். குலசேகரம், அருமனை பக்கமிருந்து வருபவர்களுக்கு உங்கள் வீட்டிலேயே பாய் விரித்துக் கொடுங்கள்.

வியாழக்கிழமை ஒரே ஒரு கிளாஸ் கலந்து ருசித்துப் பாருங்கள். பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும். இனிப்பு தூக்கலாக இருந்தால் எலுமிச்சையை இன்னும் அரை ஸ்பூன் கூட்டுங்கள்.