வாசகர் கேள்வி பதில்: ஆறு நண்பர்களும் ஆல்ப்ஸ் பனிச்சறுக்கும்

கேள்வி: மியூனிக்கில் வேலை பார்க்கும் நண்பர்கள் ஆறு பேர், வரும் குளிர்காலத்தில் ஆஸ்திரியாவுக்குப் பனிச்சறுக்கப் போக எண்ணியிருக்கிறோம். நன்றாகச் சறுக்கத் தெரிந்த இருவர் சாங்க்ட் ஆன்டன்தான் போக வேண்டும் என்கிறார்கள். மற்ற நால்வரும் இதுவரை ஸ்கீயைத் தொட்டதே இல்லை. அந்த நால்வரில் ஒருவர், மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவர், செலவை நினைத்துத் தயங்குகிறார். ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை. குறைந்த செலவில் எல்லோரும் சேர்ந்து போய்வர வழி உண்டா?
வாசகர், மியூனிக்

பதில்: உண்டு. ஆனால் தயங்குகிற அந்த நண்பரை மனத்தில் வைத்துத்தான் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாங்க்ட் ஆன்டன், தேர்ந்தவர்களுக்குப் பெயர்பெற்ற மலை. அங்கே எளியவை என்று நீல நிறம் குறிக்கப்பட்ட பாதைகள்கூடப் புதியவர்களைத் திணறடிக்கும். இத்தகைய பெரிய மலைகளில், சறுக்குபவர்களைச் சரிவின் உச்சிக்கு ஏற்றிச் செல்லும் லிஃப்டுகளுக்கான ஒரு நாள் டிக்கெட்டே 70 யூரோவைத் தாண்டிவிட்ட நிலையில், முதல் இரண்டு நாள்களைப் பயிற்சி மேட்டிலேயே கழிக்கப்போகிற நால்வர், ஏறவே போகாத லிஃப்டுகளுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவதில் எந்த நியாயமும் இல்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது டிரோல் மாநிலத்தின் பிரிக்சன்டால் பள்ளத்தாக்கு. ஹோப்ஃப்கார்ட்டன், வெஸ்டன்டார்ஃப், பிரிக்சன் ஆகிய ஊர்கள் ஒரே ரயில் பாதையில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஹோப்ஃப்கார்ட்டனில் லிஃப்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ரயில் நிறுத்தமும் உண்டு. ஸ்கீவெல்ட் என்னும் பெரிய சறுக்குப் பரப்பு இந்த மலைகளில்தான் விரிந்து கிடக்கிறது என்பதால், தேர்ந்த இருவருக்கும் குறை இராது. அவர்கள் முழு டிக்கெட் வாங்கட்டும்; புதியவர்கள் பயிற்சி மேட்டுக்கான மலிவான டிக்கெட்டோடு தொடங்கி, மூன்றாம் நாளுக்குப் பிறகு தேவைப்பட்டால் பெரிய டிக்கெட்டுக்கு மாறிக்கொள்ளட்டும். 1829 மீட்டர் உயர ஹோஹே சால்வே உச்சியில் சிறிய தேவாலயம் ஒன்று இருக்கிறது. ஸ்கீ இல்லாதவர்களும் அங்கே கேபிள் காரில் ஏறிப் போகலாம் என்பதால், ஒரு நாள் நண்பகலில் ஆறு பேரும் அங்கே சந்திப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்கள் தாழ்வாக அமைந்திருப்பதால் மார்ச் இறுதிவரை பனியை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஜனவரி 6-ஆம் தேதி மூவரசர் திருநாள் விடுமுறை முடிந்ததும் வீட்டு வாடகை இறங்கும். பிப்ரவரியில் பள்ளி விடுமுறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மறுபடி ஏறிவிடும். இடைப்பட்ட ஜனவரி வாரங்களே உங்களுக்கு உகந்தவை.

உங்களிடம் டாய்ச்லாண்ட்-டிக்கெட் (ஜெர்மனி முழுவதும் வட்டார ரயில்களில் செல்லுபடியாகும் மாதச் சீட்டு) இருந்தால், அது ஆஸ்திரிய எல்லை ஊரான குஃப்ஸ்டைன் வரை செல்லும். அங்கிருந்து வோர்கல் வழியாகப் போகும் மிச்சத் தொலைவுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும். எல்லையில் சோதனை நடப்பதுண்டு என்பதால் பாஸ்போர்ட்டையும் வசிப்பு அனுமதி அட்டையையும் கையிலேயே வைத்திருங்கள். சமையலறை உள்ள வீட்டை எடுக்கும்போது, விளம்பரத்தில் காணும் வாடகைக்கு மேல் ஊர் வரி, இறுதித் துப்புரவுக் கட்டணம், படுக்கை விரிப்புக் கட்டணம் ஆகியவை சேருமா என்று எழுதிக் கேளுங்கள். பெரும்பாலான வீடுகளில் பழைய விருந்தினர் கிளம்பிப் புதியவர் வந்து சேர்வது சனிக்கிழமைதான். ஆஸ்திரியாவில் கடைகளோ சனிக்கிழமை மாலை 6 மணிக்குள் மூடி, பொதுவாகத் திங்கள் காலையில்தான் திறக்கும். இது தெரியாமல் இரவில் போய்ச் சேர்ந்தவர்கள், அடுத்த நாள் முழுவதும் உணவகத்தில் செலவழிக்க நேரிடும். அரிசி, பருப்பு, குக்கர் மூன்றையும் மியூனிக்கிலிருந்தே கொண்டுபோய்விடுங்கள்.

ஸ்கீ வாடகைக் கடையில் மிச்சம் பிடிக்க நினைத்து, காலுக்குச் சேராத பூட்ஸை எடுத்துவிடாதீர்கள். போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றால் விரல்நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும்; முழங்காலை முன்னுக்கு மடக்கியதும் விரல் சற்றே பின்வாங்க வேண்டும்; குதிகால் மேலே எழும்பவே கூடாது. உள்ளே ஒரே ஒரு மெல்லிய நீளக் காலுறை போதும். குளிருக்குப் பயந்து இரண்டு கம்பளிக் காலுறை போட்டால் மடிப்பு விழுந்து, இரத்த ஓட்டம் நெருக்கப்பட்டு, கால் முன்னிலும் அதிகமாகச் சில்லிட்டுப்போகும். கடைக்காரர் எடையைக் கேட்டால் கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள்: பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பிடி, விழும்போது எவ்வளவு விசையில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை அந்த எண்ணையும் வைத்துத்தான் அமைக்கிறார்கள். பொய்க் கணக்குக்கு முழங்கால் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

பணக் கணக்கு: வீட்டு வாடகையும் மளிகையும் ஆறு பங்கு, லிஃப்ட், ஸ்கீ வாடகை, பயிற்சி வகுப்பு அவரவர் பொறுப்பு. முன்பணம் கட்டுவதற்கு முன்பே, ஒருவருக்கு ஆகக்கூடிய மொத்தத் தொகையை எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, அந்த நண்பரிடம் மட்டும் தனியே பேசுங்கள். ஆறு பேர் நடுவில் கேட்டால் அவர் ‘சரி’ என்றுதான் சொல்வார்.

கேள்வி: என் மகன் பிரான்ஸில் கிரனோபிளில் படிக்கிறான். நண்பர்களோடு பனிச்சறுக்கப் போகிறானாம். மாணவர் காப்பீடு இருக்கிறது, அது போதும் என்கிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன சொல்லி அனுப்புவது?
ஒரு தாய், திருச்சி

பதில்: அம்மா, உங்கள் கவலை நியாயமானது. கிரனோபிளில் படிப்பவர்களுக்கு மலை என்பது நகரப் பேருந்து போய்ச் சேரும் இடம். 1968 ஒலிம்பிக்கின் மலைச்சரிவுப் போட்டிகள் நடந்த ஷாம்ருஸ் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே போகாதே என்று தடுப்பதைவிட, ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்லுங்கள்: மருத்துவமனைச் செலவைக் காப்பீடு ஏற்றாலும், சரிவிலிருந்து அவனைக் கீழே இறக்கிக் கொண்டுவரும் செலவை அது ஏற்கும் என்று சொல்ல முடியாது. பிரெஞ்சுச் சட்டப்படி அந்தச் செலவை ஊராட்சி, அடிபட்டவரிடமே வசூலிக்கலாம். அது நூற்றுக்கணக்கான யூரோக்கள் ஆகிவிடும். லிஃப்ட் டிக்கெட் விற்கும் கவுன்டரிலேயே ‘காரே நேஜ்’ என்ற பெயரில் நாளொன்றுக்குச் சில யூரோக்களுக்குக் காப்பீடு தருகிறார்கள். எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

ஹெல்மெட்டை வாடகைக்கு எடுக்கட்டும். குறியிட்ட பாதையை விட்டு, யாரும் மிதிக்காத பனியில் நண்பர்கள் கூப்பிட்டாலும் இறங்க வேண்டாம். பனிச்சரிவு அபாயம் அங்கேதான். பின்னாலிருந்து வருகிறவரே முன்னே போகிறவருக்கு வழிவிட வேண்டும் என்பது எல்லா மலைகளுக்கும் பொதுவான விதி. பாதையோரம் நட்டிருக்கும் கம்பங்களில் பாதையின் பெயரும் ஓர் எண்ணும் இருக்கும். யாருக்காவது அடிபட்டால் 112-ஐ அழைத்து முதலில் அந்தப் பெயரையும் எண்ணையும் சொன்னால், மீட்புக் குழுவினர் தேடி அலையாமல் நேரே வந்து சேர்வார்கள்.