வவுச்சரை விற்றவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரஷ்யத் தனியார்மயத்தைக் கொள்ளை என்று எழுதியிருந்தீர்கள். 1992இல் கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் அரசு ஆலைகளின் பங்குகளை வாங்குவதற்கான சீட்டை, அதாவது வவுச்சரை, கொடுத்தார்களே, அதைவிட நியாயமான பங்கீடு உண்டா? வாங்கிய கையோடு விற்றுவிட்டு, பிறகு பணக்காரர்களைத் திட்டினால் எப்படி? சீனா மாதிரி நிதானமாகப் போயிருக்கலாம் என்பதும் இப்போது சொல்ல எளிதுதானே?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

சீனா விஷயத்தில் நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. 1978இல் சீனர்களில் பத்துக்கு எட்டுப் பேர் கிராமத்தில் இருந்தார்கள். நிலத்தைக் குடும்பங்களிடம் விட்டதும் விளைச்சல் கூடியது. ரஷ்யர்களில் முக்கால்வாசிப் பேர் நகரவாசிகள். பல ஊர்களில் வீடு, குழந்தைகள் காப்பகம், மருத்துவமனை எல்லாமே தொழிற்சாலை கொடுத்தவை. 1991 இறுதியில் கஜானாவும் காலி. சீனா மாதிரி நிதானமாகப் போவது அங்கே எளிதல்ல.

வவுச்சர் விஷயத்தில்தான் உடன்பட முடியவில்லை. எது முதலில் வந்தது என்று பாருங்கள். 1992 ஜனவரி 2 அன்று, பொருளாதாரத்தைக் கவனித்த துணைப் பிரதமர் கைதரின் சீர்திருத்தக் குழு பெரும்பாலான பொருட்களின் விலைக்கட்டுப்பாட்டை நீக்கியது. அந்த ஓராண்டில் விலைவாசி சுமார் 26 மடங்கானது. வங்கியில் கிடந்த ஆயுள்காலச் சேமிப்பு கரைந்துபோனது. வவுச்சர் விநியோகம் தொடங்கியதே அக்டோபரில்தான். முகமதிப்பு 10,000 ரூபிள். அது இரண்டு வோல்கா கார்களுக்குச் சமமாகும் என்றார் தனியார்மயத்துக்குப் பொறுப்பாக இருந்த சுபைஸ். அடுத்த ஆண்டே சந்தையில் முகமதிப்பில் பாதிகூடப் பெறாத நிலைக்கு இறங்கியது. சேமிப்பும் போய், சம்பளமும் ஒழுங்காக வராத வீட்டில் அதை விற்று மாவும் சர்க்கரையும் வாங்கியவரை ஏமாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, விற்காதவர்கள்? பலர் வவுச்சர்களைத் திரட்டிப் பங்கு வாங்கிய முதலீட்டு நிதிகளை நம்பிக் கொடுத்தார்கள். பல நிதிகள் சுவடில்லாமல் மறைந்தன. எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோமின் பங்கு வாங்கியவர்களுக்கு யோகம். அதிலும் ஊருக்கு ஒரு கணக்கு: ஒரே வவுச்சருக்கு பெர்ம் நகரில் கிடைத்த பங்குகள் மாஸ்கோவில் கிடைத்ததைப் போலப் பல மடங்கு. பெரும்பாலான ஆலைகளில் பாதிக்கு மேற்பட்ட பங்குகள் ஊழியர்களுக்கும் நிர்வாகத்துக்கும் போயின. தாளில் தொழிலாளிதான் முதலாளி. ஆனால் பங்குப் பதிவேடும் சம்பளப் பட்டுவாடாவும் இயக்குநர் கையில். பொதுக்கூட்டத்தில் அவருக்கு எதிராக யார் கை தூக்குவார்கள்?

திட்டு வாங்கும் அந்தப் பெரும் பணக்காரர்கள் பலரும் கொழித்தது வவுச்சரால் அல்ல. 1995 இறுதியில் பட்ஜெட்டில் துண்டு விழ, அரசு தன் பங்குகளை அடகு வைத்து வங்கிகளிடம் கடன் வாங்கியது. நிக்கல் எடுக்கும் பெரு நிறுவனமான நோரில்ஸ்க் நிக்கலின் 38 சதவீதப் பங்குகள் இப்படி ஏலத்தில் சுமார் 17 கோடி டாலர் கடனுக்கு அடகு போயின. ஏலத்தை நடத்தியதும் ஒனெக்சிம் வங்கி, வென்றதும் அதே வங்கி. இரண்டு மடங்குக்கு மேல் தருவதாகச் சொன்ன போட்டியாளரைத் தகுதியில்லை என்று ஒதுக்கினார்கள். கடனை அரசு திருப்பித் தரவில்லை, பங்குகள் கைமாறின. இதைத்தான் கொள்ளை என்றேன்.

வேறு வழி இருந்ததா என்று கேட்பீர்கள். 1991 ஜூலையில் ரஷ்ய நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. அதன்படி ஒவ்வொருவர் பெயரிலும் தனியார்மயக் கணக்கு தொடங்க வேண்டும். அந்தக் கணக்கைப் பிறருக்கு விற்க முடியாது. கோடிக்கணக்கான கணக்குகளைத் திறக்க நேரமில்லை என்று சுபைஸ் தரப்பு பெயர் இல்லாத, விற்கக்கூடிய வவுச்சருக்கு மாறியது. கையில் காசில்லாத ஆண்டில் அப்படிப்பட்ட சீட்டைக் கொடுத்தால் விற்கத்தான் செய்வார்கள்.