அஸ்பார்டேமைக் கொதிக்க வைத்தால் இனிப்பு ஏன் போய்விடுகிறது?

சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் செயற்கை இனிப்பான அஸ்பார்டேமைப் பாலில் போட்டுக் கொதிக்க வைத்தால் இனிப்பு குறைகிறதே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. அஸ்பார்டிக் அமிலம், ஃபினைல்அலனின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் பெப்டைடு பிணைப்பால் சேர்ந்த டைபெப்டைடு அது. ஃபினைல்அலனின் முனையில் மெத்தில் எஸ்டர் என்ற, மெத்தனால் (ஒரு வகை ஆல்கஹால்) சேர்ந்து உண்டான பிணைப்பும் உண்டு. அதுதான் பலவீனமான இடம். சூடு பட்டால் அங்கிருந்து மெத்தனால் கழன்றுவிடும். மிச்ச மூலக்கூறு வளைந்து டைகீட்டோபைப்பரசீன் என்ற வளையமாகும். அதற்கு இனிப்பே கிடையாது.

பி.எச். அளவும், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண்ணும் முக்கியம்; அது குறையக் குறையப் புளிப்பு அதிகம். பி.எச். 4.3-ஐ ஒட்டி, அறை வெப்பத்தில், பாதி சிதையவே ஏறத்தாழ 300 நாள் ஆகும்; 7-ல் சில நாள்தான். அதனால்தான் புளிப்பான குளிர்பானத்தில் தாங்குகிறது, புளிப்பில்லாத பாலில் தாங்குவதில்லை. அடுப்பை அணைத்து, கொஞ்சம் ஆறிய அப்புறம் சேருங்கள், சரியாகிவிடும்.

மற்றபடி இது வெள்ளைப் படிகத்தூள். சாதாரண தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 10 கிராம்தான் கரையும். சர்க்கரையைவிட 200 மடங்கு இனிப்பு என்பதால் அதுவே தாராளம்.

வீட்டில் யாருக்காவது ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு இருந்தால் தயவுசெய்து இதைக் கொடுக்கவே வேண்டாம். அவர்கள் உடலால் ஃபினைல்அலனினைச் சரியாகச் சிதைக்க முடியாது.