ஸ்விஃப்டில் க்ளோஷரை கிளாஸ் ப்ராப்பர்ட்டியாக வைத்து, பிறகு அழைப்பது எப்படி?

ஐபோன் ஆப் எழுதும் மொழி ஸ்விஃப்ட். க்ளோஷர் என்பது எடுத்து வைத்துப் பிறகு ஓட்டக்கூடிய ஒரு துண்டு கோட், ப்ராப்பர்ட்டி என்பது கிளாஸ் தன்னிடம் வைத்துக்கொள்வது. வைப்பது சுலபம். ப்ராப்பர்ட்டியின் வகையை (() -> ())? என்று எழுதுங்கள். வெளி அடைப்புக்குறியை விட்டால் க்ளோஷர் ஆப்ஷனல் (காலியாகவும் இருக்கலாம் என்ற வகை) ஆகாது, அது திருப்பித் தருவதுதான் ஆப்ஷனல் ஆகும். எனக்கு இதிலேயே அரை நாள் போனது. அழைக்க, ப்ராப்பர்ட்டியின் பெயருக்குப் பின் ?() போடுங்கள். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் சும்மா கடந்துவிடும்.

நீங்கள் கேட்டது இவ்வளவுதான். ஆனால் அடுத்து எங்கே விழுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

செங்கோட்டையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். பாவூர்சத்திரத்திலிருந்து கொல்லத்துக்குக் காய்கறி அனுப்பும் ஓர் அண்ணாச்சிக்கு ஐபோன் ஆப் செய்து கொடுத்தேன். லாரி புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டினால் மணி அடிக்க வேண்டும். லோடு பக்கத்தைத் திறந்ததும் அது ஒரு டிராக்கரை உருவாக்கும். டிராக்கர் டைமர் வைத்து 10 நொடிக்கொரு தடவை சர்வரைக் கேட்டு, லாரி தாண்டியதும் தன்னிடமுள்ள க்ளோஷரை அழைக்கும். க்ளோஷருக்குள் செல்ஃப், அதாவது அந்தப் பக்கமே, என்று எழுதி மணியை அடித்தேன். மூன்றாம் நாள் போன்.

"தம்பி, ஒரு லாரிதான போச்சு? ஒம்பது தடவ மணி அடிக்கே!"

காலையிலிருந்து அந்தப் பக்கத்தை ஒன்பது தடவை திறந்து மூடியிருக்கிறார். மூடிய ஒன்றுகூடச் சாகவில்லை. பக்கம் டிராக்கரைப் பிடித்திருக்கிறது, டிராக்கர் க்ளோஷரை, க்ளோஷர் செல்ஃப் வழியாகத் திரும்பப் பக்கத்தை. ஒன்றை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணி, யாருமில்லை என்றால் அழிப்பது ஏஆர்சி. அதன் கணக்கு இங்கே பூஜ்யத்துக்கு வரவே வராது. டைமரை நிறுத்தும் வரியை, சாகும்போது ஓடும் டீஇனிட்டில் வைத்திருந்தேன், அது ஓடினால்தானே! க்ளோஷரின் தொடக்கத்தில் [வீக் செல்ஃப்] (பிடித்து வைக்காதே என்று பொருள்) சேர்த்து, உள்ளே செல்ஃப்? என்று மாற்றினேன். மணி ஒன்றாகிவிட்டது. நீங்களும் டீஇனிட்டில் ஒரு பிரின்ட் போட்டுப் பாருங்கள்.

"டெலிகேட் போதாதா?" என்று சிலர் வருவீர்கள். க்ளோஷருக்குப் பதில் இன்னொரு ஆப்ஜெக்டைப் பிடித்துவைத்து அதனிடம் சொல்வது அது. அதையும் வீக் போடாமல் விட்டால் இதே கதிதான். எல்லா க்ளோஷருக்கும் வீக் வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. பட்டியலில் ஒவ்வொன்றாக ஓடும் மேப், ஃபில்டருக்குக் கொடுப்பது வேலை முடிந்ததும் போய்விடும், அதற்கு எதற்கு?

அப்புறம், இந்த ஆப்பைக் காட்டத்தான் சென்னையில் ஒரு இன்டர்வியூவுக்குப் போனேன். "செங்கோட்டையா? கேரளாதானே? தமிழ் நல்லா பேசுறீங்களே" என்றார் எதிரில் இருந்தவர். திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து 1956 நவம்பர் 1-லேயே இந்தப் பக்கம் வந்துவிட்டோம் சார். புனலூர் போனால் எங்களைப் பாண்டி என்கிறார்கள், அது வேறு. க்ளோஷர் பற்றி அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.