கோணல் கொம்பு மான் பற்றி

சென்னை ஐஐடி வளாகத்துல பார்த்த ஆண் புள்ளிமானுக்கு இடது கொம்பு கீழ்நோக்கி வளைஞ்சு, மேலே ரோமம் மூடியிருக்கு, நோயான்னு கேட்டிருக்கீங்க. அநேகமா இல்லை சார். புள்ளிமான் கொம்பு எலும்பு. விழுந்து விழுந்து புதுசா வளரும். வளரும்போது ரத்தம் ஓடுற மென்தோல் மூடியிருக்கும். அந்தச் சமயத்துல வேலியில இடிச்சுக்கிட்டா அப்படியே கோணிக்கும், அடுத்த கொம்பு நேராவே வரலாம். முளைக்கிற அடிக்குமிழே சிதைஞ்சிருந்தா ஆயுசுக்கும் கோணல்தான். பின்னங்கால் அடிபட்டாலும் எதிர்ப்பக்கக் கொம்பு கோணுறதுண்டு. அடுத்த தடவை வலது பின்னங்காலை நல்லா ஊன்றுதான்னு பாருங்க.

கொம்பு வளர்ந்து முடிஞ்ச பிறகும் அந்த மென்தோல் உரியவே இல்லைன்னா விதைப்பையில அடிபட்டு ஹார்மோன் குறைஞ்சிருக்கலாம். அமெரிக்க வேட்டைக்காரங்க இந்த மாதிரி மானை 'கேக்டஸ் பக்' (கள்ளி மான்)னு சொல்லித் தேடி அலைவாங்க. இங்கே 1972 வனவிலங்குச் சட்டப்படி வேட்டைன்னா ஜெயில்தான்.

வெளிமான் (பிளாக்பக்) கொம்பு வேற கதை, அது விழவே விழாது.

கீழே கிடந்த கொம்பை எடுத்து வந்து ஹால்ல மாட்டலாமான்னு கேட்டீங்களே, வேண்டவே வேண்டாம். உதிர்ந்த கொம்பும் அரசாங்கச் சொத்து. ஏற்கெனவே எடுத்திருந்தா, எடுத்த 48 மணி நேரத்துக்குள்ள கிண்டி வனத்துறை அலுவலகத்துலயோ பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்லயோ சொல்லிடுங்க.