சூசொக் கொரியர்களின் பொங்கலா?

"கொரியர்களின் சூசொக்கை அவர்களுடைய பொங்கல் என்று சொல்லலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கொரியத் தொடர் ஏதாவது பார்த்துவிட்டு வந்த கேள்வி என்று நினைக்கிறேன். நான் மதுரைக்காரி. கொரியாவில் ஆண்டோங் ஊர்ப் பக்கம் ஒரு கிராமத்து வீட்டுக்கு மருமகள். என்னைக் கேட்டால் பாதி பொங்கல், பாதி மகாளய அமாவாசை. அதிலும் அமாவாசைப் பங்குதான் அதிகம்.

சூசொக் அவர்களுடைய அறுவடைத் திருநாள். அவர்களுடைய சந்திரக் கணக்கில் எட்டாம் மாதப் பௌர்ணமியில் வரும். 2024-ல் செப்டம்பர் 17-ல் வந்தது. மறுநாளே நம் ஊரில் மகாளய பட்சம் ஆரம்பம். புது அரிசியும் பேரிக்காயும் முதலில் போவது இறந்துபோன பெரியவர்களுக்கு. காலையில் படையல் போட்டு, மது ஊற்றி, இரண்டு முறை தரையில் விழுந்து கும்பிடுவார்கள். இதற்குச் 'சாரே' என்று பெயர். அப்புறம் கல்லறை மேட்டுக்குப் போவார்கள். அங்கே முளைத்த புல்லைச் சில வாரம் முன்பே போய் வெட்டிவிட்டு வந்திருப்பார்கள்.

சரி, இதையெல்லாம் சமைப்பது யார்? முதல் நாள் தரையில் செய்தித்தாளை விரித்து, மின்சாரக் கல்லைப் போட்டு உட்கார்ந்தால் இடுப்பு போய்விடும். சுரைக்காய் போல ஒரு காய், மீன் துண்டு, எல்லாவற்றையும் மாவில் புரட்டி முட்டையில் தோய்த்துச் சுட வேண்டும். எங்கள் பக்கம் வேகவைத்த முழு ஆக்டோபஸும் உண்டு. 2022-ல் சுங்குன்குவான் என்ற கன்பூசிய அமைப்பே, எண்ணெய்ப் பலகாரம் படையலுக்குத் தேவையில்லை என்று அறிவித்தது. கணவர் அந்தச் செய்தியை வாசித்துக் காட்டினார். மாமியார், "சரிதான், ஆனா உங்க தாத்தாவுக்குப் பிடிக்குமே" என்று அடுத்த துண்டை மாவில் போட்டார்.

உடனே சண்டைக்கு வராதீர்கள். எல்லா வீடும் இப்படி என்று நான் சொல்லவில்லை. பல கிறிஸ்தவக் குடும்பங்களில் படையல் இல்லை, ஜெபத்தோடு சரி. சுற்றிப் பார்க்க ஜெஜூ தீவுக்கு விமானம் ஏறுகிறவர்களும் உண்டு.

நான் ஜெயித்த ஒரே இடம் சோங்பியோன். பச்சரிசி மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து, எள் பூரணம் வைத்து, பைன் இலை பரப்பி ஆவியில் வேகவைப்பது. நமக்கு இது தெரியாதா? பிறை வடிவில் மடித்து, பழக்கதோஷத்தில் ஓரத்தைச் சோமாசி மாதிரி முறுக்கிவிட்டேன். மாமியார் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சோங்பியோன் அழகாகப் பிடிக்கிறவளுக்கு அழகான பெண் பிறக்கும் என்பது அங்கே சொல்வழக்கு. "உனக்கு முடியைச் சுருட்டிக்கிட்டுப் பிறக்கும்" என்றார்.

படையல் முடிந்த மத்தியானம் நாத்தனார் வந்துவிடுவாள், பிறந்த வீட்டுக்கு. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். என் பிறந்த வீடோ மதுரையில். அண்ணன், "கொரியாவுக்கு எப்படிம்மா பொங்கல் சீர் அனுப்புறது?" என்று ஐந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். நான் பணம் அனுப்பும்போது மட்டும் எப்படி வந்து சேர்கிறது என்று அவன் கேட்டதே இல்லை. போன வருடம் மாமியார்தான் ஒரு பெட்டி பேரிக்காயைக் காரில் ஏற்றிவிட்டு, "உங்கம்மா கொடுத்ததா வச்சுக்கோ" என்றார். அண்ணன் இதைப் படித்தால் படிக்கட்டும்.