கிட் வாங்கி செயின்சா கட்டலாமா? பிஸ்டன் ஏன் போகிறது?

கேள்வி: ஆன்லைனில் 92 சிசி செயின்சா (மரம் அறுக்கும் மெஷின்) கிட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஸ்டில் கம்பெனியின் எம்.எஸ். 660 மாடலுக்குப் பொருந்தும் பாகங்களாம், நாமே கட்டிக்கொள்ள வேண்டும். விலை, ஒரிஜினல் மெஷினோடு பார்த்தால் ரொம்பக் குறைவு. பைக் இன்ஜின் பிரித்துச் சேர்த்த பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் இப்படிக் கட்டிய சிலர், ‘சில நாளிலேயே பிஸ்டன் போய்விடும்’ என்கிறார்கள். விற்பவரோ, ‘ஸ்க்ரூ முடுக்கத் தெரிந்தால் போதும், பயமாக இருந்தால் நாங்களே கட்டி, டெஸ்ட் செய்து தருகிறோம்’ என்கிறார். யாரை நம்புவது?

பதில்: பிஸ்டன் போகும் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலும் பிஸ்டன் மேல் குற்றம் இருக்காது. எங்கேயோ இன்ஜின் திருட்டுக் காற்று இழுத்திருக்கும். அதைச் சோதிக்காமல் ஸ்டார்ட் செய்து மரத்தில் வைத்திருப்பார்கள்.

உங்கள் பைக் அனுபவம் கை கொடுக்கும், ஒரு இடத்தில் மட்டும் காலை வாரும். நான்கு ஸ்ட்ரோக் பைக்கில் கிராங்க்கேஸ் (கிராங்க் சுற்றும் அடிப்பெட்டி) பேக்கிங் லேசாகக் கசிந்தால் கீழே ஆயில் சொட்டும், அவ்வளவுதான். செயின்சா டூ ஸ்ட்ரோக். அதில் கிராங்க்கேஸ்தான் பம்ப். பெட்ரோலும் ஆயிலும் கலந்த காற்று அதற்குள் போய்த்தான் மேலே ஏறுகிறது. பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் கிடைக்கிற ஒரே ஆயில் அந்தப் பெட்ரோலில் கலந்திருப்பதுதான். ஓர் ஓட்டை வழியாக வெறும் காற்று உள்ளே போனால் பெட்ரோலின் அளவு குறையும், கூடவே ஆயிலும் குறையும், சூடு ஏறும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. மெஷின் வழக்கத்தைவிட வேகமாகக் கத்தும். ‘அடேயப்பா, என்ன பவர்’ என்று நீங்கள் ரசிக்கும்போதே பிஸ்டன் சிலிண்டர் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

அதனால் கிட்டுக்கு முன்னால் வாங்க வேண்டியது அழுத்தமும் வேக்கூமும் இரண்டும் பார்க்கக்கூடிய, கேஜ் வைத்த சின்னக் கை பம்ப். இன்ஜின் மட்டும் கட்டி முடித்த நிலையில் சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் ஷீட் வைத்து அடையுங்கள். கிராங்க்கேஸிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் இம்பல்ஸ் குழாய் வழியாக 0.5 பார் அழுத்தம் ஏற்றுங்கள். குறைந்தது 20 நொடி முள் அசையக் கூடாது. பிறகு அதே அளவு வேக்கூம், அதே 20 நொடி. இரண்டும் ஏன் என்றால், கிராங்க் சீலின் (கிராங்க் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் காற்றை அடைக்கும் ரப்பர்) உதடு அழுத்தத்தில் ஷாஃப்டோடு ஒட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக நடிக்கும். வேக்கூமில்தான் விலகிக் காட்டிக்கொடுக்கும். முள் இறங்கினால் சோப்பு நீர் தடவித் தேடுங்கள்: இரண்டு பக்கத்துக் கிராங்க் சீல், கிராங்க்கேஸின் நடு இணைப்பு, சிலிண்டர் அடி பேக்கிங், இன்டேக் ரப்பர், இம்பல்ஸ் குழாய், ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தத்தைக் குறைக்கும் டீகம்ப்ரஷன் வால்வு. இந்தச் சோதனை செய்யாத மெஷினை நான் கையில் எடுக்க மாட்டேன். நீங்களும் எடுக்காதீர்கள்.

அடுத்தது, கிட்டில் வந்தாலும் போடக் கூடாதவை. பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் தண்டு (பிஸ்டன் பின்) கழலாமல் பிடிக்கும் லாக் முதலிடம். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத அந்தக் கம்பி வளையம் உடைந்தோ கழன்றோ சிலிண்டர் சுவரில் உள்ள துளைக்குள் (போர்ட்) போனால், சிலிண்டரின் பூச்சு கிழிந்து சிலிண்டரும் பிஸ்டனும் குப்பைக்குப் போகும். ஒரிஜினல் லாக் போடுங்கள். திறந்த வாய் நேர் மேலேயோ நேர் கீழேயோ பார்க்கட்டும், பக்கவாட்டில் வேண்டாம். பிறகு கிராங்க் சீல், இன்டேக் ரப்பர், இம்பல்ஸ் குழாய், பெட்ரோல் குழாய், பிளக். எல்லாம் சின்னச் சாமான்கள்தான், ஆனால் மெஷினின் ஆயுள் இவற்றில்தான் இருக்கிறது.

சிலிண்டரை அப்படியே மாட்டாதீர்கள். போர்ட் விளிம்புகளில் விரலை ஓட்டிப் பாருங்கள். கூராக இருந்தால் ரிங் அதில் மாட்டி உடையும். விளிம்பை மட்டும் மென்மையாக மழுக்கிவிட்டு, வார்ப்பு மணலும் தூளும் போகும்வரை கழுவுங்கள். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம். ரிங்கின் இரு முனைகளும் பிஸ்டன் பள்ளத்தில் உள்ள சிறு பின்னோடு பொருந்த வேண்டும். பொருந்தாமல் சிலிண்டரை அழுத்தினால் ரிங் உடையும். பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது ஹெட்டுக்கும் அதற்கும் இடைவெளி 0.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பிளக் துளை வழியாக ஈயக் கம்பியை விட்டுச் சுற்றி, நசுங்கிய இடத்தை அளந்தால் தெரிந்துவிடும். கிராங்கைச் சுத்தியலால் தட்டி ஏற்றவே வேண்டாம், அச்சு திருகிப்போகும். கிராங்கைக் குளிரவைத்து, பேரிங்கைச் சூடாக்கினால் தானாக இறங்கும். கிளட்ச் இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் சுற்றினால்தான் கழலும். கிராங்க்கேஸ் மெக்னீசியம், மரை சட்டென்று உரிந்துவிடும். கை பலத்தைக் காட்ட வேண்டாம்.

இனி விற்பவர் சொன்ன ‘நாங்களே கட்டித் தருகிறோம்’ விஷயம். ஒரே தொழிற்சாலைப் பெட்டி, நடுவில் இருப்பவர் ஒட்டும் ஸ்டிக்கரால் மூன்று பெயர்களில் மூன்று விலைகளில் விற்கிறது. இவர்களுடைய ‘டெஸ்ட்’ என்றால் கயிறு இழுத்து, புகை வந்தது, நிறுத்தியாயிற்று. காற்று இழுக்கும் மெஷினும் அந்தப் பரீட்சையில் ஜோராகப் பாஸாகும். அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ‘வேக்கூம் டெஸ்ட்டில் கேஜ் முள் நிற்கிற வீடியோ அனுப்புங்கள்.’ பதில் வராது. கம்பெனி எழுத்துப் போட்ட கவரில் ‘ஒரிஜினல்’ பிளக்கும் லாக்கும் சேர்த்துத் தருகிறேன் என்றால், அது போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 54 மில்லிமீட்டர் பிஸ்டனுக்குப் பதில் 56 வாங்குங்கள், பவர் பிய்த்துக்கொண்டு போகும் என்பார், அதுவும் வேண்டாம். பை பிரித்த கிட் என்றால் திருப்பி அனுப்புங்கள். பேரிங் யாரோ ஒருவரின் ரிப்பேருக்குப் போயிருக்கும்.

பெரிய கம்பெனிகளும் சும்மா இல்லை. சர்வீஸ் புத்தகம் டீலருக்கு மட்டும். கவுன்டரில் சீரியல் நம்பர் கேட்பார்கள். கிட்டுக்கு ஏது சீரியல் நம்பர்? காசு கொடுத்து ஒரு சீல் வாங்க நிற்பவனைத் திருடனைப் போலப் பார்த்து அனுப்பினால், அவன் போலி விற்பவனிடம்தான் போவான். இது அவர்களுக்குப் புரியவே புரியாதா?

பொதுவாக என் பதில்: முதல் செயின்சாவாக, அன்றாட வேலைக்காக கிட் வேண்டாம். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. உங்களிடமோ நண்பரிடமோ பிஸ்டன் போன பழைய ஒரிஜினல் 660 மெஷின் மூலையில் கிடந்தால் கணக்கு மாறும். தொழிற்சாலையில் நேராகக் கடைந்த கேஸும் நல்ல கிராங்கும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. சிலிண்டரும் பிஸ்டனும் மட்டும் வாங்கினால் போதும். ஆனால் அது எதனால் போனது என்று முதலில் பாருங்கள். ஆயில் இல்லாத பெட்ரோல் ஊற்றிப் போனது என்றால் பரவாயில்லை. லாக் உடைந்தோ ரிங் உடைந்தோ போனது என்றால், அந்தத் தூள் கீழே பேரிங்குக்குள் விழுந்திருக்கும். கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். நறநறவென்றால் கேஸையும் பிரிக்க வேண்டும். கனெக்டிங் ராடை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் சற்று ஆடலாம், மேலும் கீழும் துளியும் ஆடக் கூடாது. காற்று இழுத்துப் போன மெஷின் என்றால் புது பிஸ்டனும் அதே வழியில்தான் போகும், ஓட்டையை அடைக்கும்வரை. இந்த மூன்றிலும் தேறினால் தைரியமாக வாங்குங்கள்.

ஓட்டும்போது நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில், 50:1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. ஆயில் மேல் நம்பிக்கை இல்லையென்றால் 25:1, லிட்டருக்கு 40. கார்புரேட்டரில் ஹை ஸ்க்ரூவை (முழு வேகத்தில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைப்பது) கொஞ்சம் திறந்தே வையுங்கள். முழு ரேஸில் சும்மா ஓடும்போது சத்தம் லேசாகத் தடுமாறி, மரத்தில் வைத்ததும் சுத்தமாக வேண்டும்.

பிஸ்டனைப் பற்றிக் கேட்டீர்கள், பிரேக்கைப் பற்றிக் கேட்கவில்லை. முழு வேகத்தில் செயின் நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடும். செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டின் (பார்) நுனி மரத்தில் இடித்தால் மெஷின் உங்கள் முகத்தை நோக்கித் திரும்பும். அப்போது காப்பாற்ற இருப்பது செயின் பிரேக் ஒன்றுதான். கிட்டில் அதன் பட்டையும் ஸ்பிரிங்கும் எப்படி இருக்கின்றன என்று யாரும் பார்ப்பதில்லை. எனவே பட்டை, ஸ்பிரிங், செயின் மூன்றும் ஒரிஜினல். செயினின் கேஜ் (பள்ளத்துக்குள் ஓடும் பகுதியின் தடிமன்) பாரின் பள்ளத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், 1.6 மில்லிமீட்டர் பாரில் 1.3 செயின் ஆடும். முதல் முறை ஓட்டும்போது மெஷினை இரு கைகளாலும் பிடித்து, முழு ரேஸ் கொடுத்து, முன் கார்டை மணிக்கட்டால் தள்ளுங்கள். செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கவரைக் கழற்றி, பட்டையில் ஆயில் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாகும்வரை மரத்தின் பக்கம் போகாதீர்கள்.